முதல் காட்சியிலேயே சிவாஜி காலி... பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை! 1954-ல் வந்த ‘அந்த நாள்’ படத்தை ஏன் இப்போது பார்க்க வேண்டும்?

ஒரு துப்பாக்கிச் சத்தம். திரையில் சிவாஜி கணேசன் சரிந்து விழுகிறார். செத்துப்போகிறார். படமே அப்போதுதான் தொடங்குகிறது.

ஏதோ போன வாரம் ஓடிடியில் வந்த சீரிஸ் என்று நினைத்துவிட வேண்டாம். 1954 ஏப்ரல் 13-ம் தேதி வெளியான ‘அந்த நாள்’ படம்தான் இது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ 1960-ல் வந்தபோது, கதாநாயகியைப் பாதிப் படத்துக்கு முன்பே கொன்றுவிட்டார் என்று உலகமே ஆச்சரியப்பட்டது. அதற்கு 6 ஆண்டுகள் முன்பே கோடம்பாக்கத்தில் கதாநாயகனை முதல் காட்சியிலேயே சுட்டுவிட்டார்கள். ஆனா இந்தப் படத்தின் பெயரைச் சொன்னால், நம்மில் பலருக்குத் தெரிவது ஒரே ஒரு தகவல்தான்: ‘பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம்’. பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு மார்க் கேள்வியாகவே அது நின்றுவிட்டது. படத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

அந்த ஒரு மார்க் பதிலைத் தாண்டி உள்ளே என்ன இருக்கிறது? வாங்க, பார்க்கலாம்.

கதை என்ன? (ஸ்பாய்லர் இல்லாமல்)

1943 அக்டோபர். இரண்டாம் உலகப்போர் நேரம். மெட்ராஸ் மீது ஜப்பான் விமானம் குண்டு போடுகிறது. ஊரே பயந்து கிடக்கிறது. மறுநாள் காலையில் ராஜன் என்ற ரேடியோ இன்ஜினீயர் அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார்.

யார் சுட்டது? சந்தேகப் பட்டியலில் இருப்பவர்கள் சிலர்தான். மனைவி உஷா (பண்டரிபாய்), தம்பி பட்டாபி (டி.கே.பாலச்சந்திரன்), தம்பி மனைவி ஹேமா (மேனகா), ராஜனோடு ரகசிய உறவில் இருக்கும் அம்புஜம் (சூர்யகலா), எதிர்வீட்டுப் பெரியவர் சின்னையா பிள்ளை (பி.டி.சம்பந்தம்). விசாரிக்க வருகிறார் சிஐடி அதிகாரி சிவானந்தம் (ஜாவர் சீதாராமன்).

ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் மீது விரலை நீட்டுகிறார்கள். சொல்கிறவருக்குத் தகுந்த மாதிரி ராஜனும் மாறிக்கொண்டே போகிறார். அப்படியானால் நிஜ ராஜன் யார்? ‘யார் கொன்றது?’ என்ற கேள்வியோடு உட்கார்ந்த நாம், கொஞ்ச நேரத்தில் ‘செத்தவன் எப்படிப்பட்டவன்?’ என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம். சாதாரண மர்டர் மிஸ்டரியாகத் தொடங்கும் படம் உளவியல் த்ரில்லராக மாறும் இடம் இதுதான்.

மெட்ராஸில் நிஜமாகவே குண்டு விழுந்ததா?

விழுந்தது. இன்றைய தலைமுறைக்கு இது கற்பனை மாதிரி தெரியலாம். முதல் உலகப்போரில், 1914 செப்டம்பர் 22 அன்று ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸ் மீது குண்டு வீசியதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். யாராவது ரொம்ப சாமர்த்தியமாக இருந்தால் ‘அவன் ஒரு எம்டன்’ என்று சொல்கிறோமே, அந்த எம்டன்தான் இது.

இரண்டாம் உலகப்போரில் 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு போட்டது. அடுத்தது நாம்தான் என்று மெட்ராஸ் மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள். ஆனால் உண்மையில் குண்டு வந்தது ஒன்றரை ஆண்டு கழித்துத்தான். 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பான் விமானம் துறைமுகப் பகுதியில் குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. அந்த நிஜச் சம்பவத்தின் மேல்தான் இந்தக் கதையைக் கட்டியிருக்கிறார்கள். படம் வந்தபோது அந்தப் பயத்துக்கு வயது 11-கூட ஆகவில்லை. சைரன் சத்தம் நினைவிருப்பவர்கள்தான் தியேட்டரில் உட்கார்ந்திருந்தார்கள்.

பாட்டு வேண்டாம் என்றது யார்?

இங்கேதான் முதல் ஆச்சரியம். படத்தின் இயக்குநர் எஸ்.பாலசந்தர். ‘எதிர்நீச்சல்’, ‘அரங்கேற்றம்’ எடுத்த கே.பாலசந்தர் இல்லை. இவர் ‘வீணை’ பாலசந்தர். யாரிடமும் முறையாகப் பயிலாமல், தானாகவே வீணை கற்று, உலக மேடைகளில் வாசித்தவர். 1982-ல் பத்மபூஷண் பெற்றவர். வாழ்க்கையே இசை என்று இருந்த ஒருவர்தான் ‘இந்தக் கதைக்குப் பாட்டு தேவையில்லை’ என்று சொன்னார்.

தயாரித்தது ஏவிஎம். இது இரண்டாவது ஆச்சரியம். பாரதியார் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தவர் ஏவி.மெய்யப்பன். ‘நாம் இருவர்’ (1947) படத்தில் டி.கே.பட்டம்மாளைப் பாரதி பாடல்களைப் பாட வைத்து அதையே வெற்றியின் அச்சாணி ஆக்கியவர். பாட்டின் மதிப்பு அவரைவிட யாருக்குத் தெரியும்? அவருக்கே ஆரம்பத்தில் இந்த முயற்சியில் தயக்கம் இருந்தது. ஆனாலும் எடுத்தார்.

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழ் சினிமா பேசத் தொடங்கிய 1930-களில் ஒரு படத்துக்கு 30, 40 பாட்டு என்பது சர்வசாதாரணம். ஐம்பதுகளில் எண்ணிக்கை குறைந்ததே தவிர, பாட்டுப் புத்தகம் இல்லாமல் படம் பார்ப்பது என்பதையே யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தச் சூழலில் பாட்டு, நடனம், சண்டை மூன்றும் இல்லாமல் ஒரு படம்! பெயர்ப் பட்டியலில் இசையமைப்பாளர் என்று ஒருவர் பெயர்கூடக் கிடையாது. பின்னணி இசை, சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆர்கெஸ்ட்ரா.

பாட்டு போன இடத்தை நிரப்புவது வெளிச்சமும் நிழலும். ஒளிப்பதிவு மாருதி ராவ். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. இப்போது ‘நுவார் ஸ்டைல்’ என்று சொல்லிக்கொண்டு ஷார்ட் ஃபிலிம் எடுக்கிறோமே, அந்தப் பாணிதான். தூய வெள்ளையும் தூய கறுப்புமாக யாரும் இல்லாத கதைக்கு அதைவிடப் பொருத்தமான ஒளியமைப்பு இல்லை.

அப்போ இது ‘ரஷோமான்’ காப்பியா?

அடிக்கடி வரும் கேள்வி. அகிரா குரோசாவாவின் ‘ரஷோமான்’ 1950-ல் வந்தது. 1951-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்றது. 1952-ல் இந்தியாவில் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தபோது மெட்ராஸ் உட்பட நான்கு நகரங்களில் படங்கள் திரையிடப்பட்டன. அந்த விழாவில்தான் பாலசந்தர் ‘ரஷோமான்’ பார்த்தார். அந்தப் பாதிப்பில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்கு அனுப்பினார். அங்கே அது நிராகரிக்கப்பட்டது. அந்தக் கதைதான் ஏவிஎம் வாசலுக்கு வந்து படமானது. கொலையான ஒரு பெண்ணைப் பற்றி ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்லும் ‘தி உமன் இன் கொஸ்டின்’ (1950) என்ற பிரிட்டிஷ் படத்தின் சாயலும் இதில் உண்டு.

தூண்டுதல் உண்மை. ஆனா காப்பி என்று சொல்லிவிட முடியாது. ஏன்?

‘ரஷோமான்’ கடைசிவரை எது உண்மை என்று உறுதியாகச் சொல்லாது. எல்லோரும் தங்களுக்குச் சாதகமாகத்தான் பேசுவார்கள், முழு உண்மை யாருக்கும் கிடைக்காது என்பதே அந்தப் படத்தின் சாரம். ‘அந்த நாள்’ உண்மையைச் சொல்லிவிடுகிறது. சொன்ன பிறகு, ‘இந்த உண்மையை வைத்துக்கொண்டு நீங்க என்ன செய்வீங்க?’ என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறது. இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள்.

மீடியா ஸ்டடீஸ் படித்தபோது எங்களுக்கு ‘ரஷோமான்’ போட்டுக் காட்டினார்கள். அசைன்மென்ட்டும் எழுதினோம். அதே உத்தியை இரண்டே ஆண்டில் கையில் எடுத்து, வேறொரு கேள்விக்குப் பயன்படுத்திய ஒரு தமிழ்ப் படம் இருக்கிறது என்று அந்த வகுப்பில் யாரும் பேசவே இல்லை. இந்தப் படத்தைத் தேடிப் பார்க்கிற நிறைய பேருக்கு இதே அனுபவம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சிவாஜி... கத்தாத சிவாஜி!

ராஜன் வேடத்துக்கு முதலில் சிவாஜி இல்லை. எஸ்.வி.சகஸ்ரநாமத்தை வைத்துத் தொடங்கினார்கள். சரிவரவில்லை. பிறகு கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என்.விஸ்வநாதனை வைத்து எடுத்தார்கள். அதிலும் மெய்யப்பனுக்குத் திருப்தி இல்லை. கடைசியாக வந்தவர்தான் சிவாஜி. (அந்த விஸ்வநாதன் சும்மா இருந்துவிடவில்லை. சத்யஜித் ராயின் ‘காஞ்சன்ஜங்கா’வில் நடித்தார். 1980-ல் இன்னொரு உளவியல் த்ரில்லரான பாலுமகேந்திராவின் ‘மூடுபனி’யில் போலீஸ் அதிகாரியாக வந்தார்.)

‘பராசக்தி’ வந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. சிவாஜிக்கு வயது 25. ‘அந்த நாள்’ வருவதற்கு ஆறே வாரம் முன்பு ‘மனோகரா’ வெளியாகியிருந்தது. சங்கிலியால் கட்டப்பட்டு அரசவையே அதிரப் பேசும் அந்த மனோகரனை ஊரே மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தது. அதே நடிகர், அதே ஆண்டில், ‘அந்த நாள்’ ராஜனாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற குரலில் பேசுகிறார்!

‘சிவாஜின்னா ஓவர் ஆக்டிங்’ என்று மீம் போடுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம் இது. மேடை நாடகத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசிப் பழகிய ஒருவர், மைக் பக்கத்தில் இருக்கிறது, கேமரா முகத்துக்கு அருகில் இருக்கிறது என்பதை உணர்ந்து எல்லாவற்றையும் அடக்கிக்கொள்கிறார். கோபம் வரும்போதும் குரல் உயர்வதைவிடக் கண் மாறுவதுதான் அதிகம்.

அதைவிட முக்கியமான விஷயம் வேறொன்று இருக்கிறது. இந்தப் படத்தில் அவர் நடிப்பது ஒரே ராஜன் இல்லை. தம்பி சொல்லும் கதையில் ஒரு ராஜன். காதலி சொல்லும் கதையில் வேறு ராஜன். மனைவியின் நினைவில் இன்னொரு ராஜன். ஆள் ஒன்று, சாயல் பல. மேக்கப்போ கெட்டப்போ மாறுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் சற்றே வேறு மனிதராகத் தெரிகிறார். ‘நவராத்திரி’யில் ஒன்பது வேடம் போட்டதைக் கொண்டாடுகிறோம். வேடமே போடாமல் இத்தனை ராஜன்களைக் காட்டியதும் அந்தக் கொண்டாட்டத்துக்குக் கொஞ்சமும் குறைந்தது இல்லை.

எதிர்மறை வேடம் அவருக்குப் புதிது இல்லை. ‘திரும்பிப்பார்’ (1953) அதற்கு முன்பே வந்துவிட்டது. அதே 1954-ல் ‘துளி விஷம்’, ‘கூண்டுக்கிளி’ என்று வரிசையாக நல்லவன் இல்லாத பாத்திரங்களில் நடித்தார். தன் இமேஜைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் ஒரு ஸ்டார் நடித்த காலம் அது. இன்று அப்படி யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்பாய்லர் அலர்ட்! படம் பார்க்காதவர்கள் நேராக ‘ஏன் ஓடவில்லை?’ பகுதிக்குப் போய்விடலாம்.

படத்தின் நிஜ ஹீரோ: பண்டரிபாய்

ராஜன் ஒரு தேசத்துரோகி. ஜப்பானுக்கு ரகசியங்களை அனுப்பும் உளவாளி. அவனைச் சுட்டது, அவன் மனைவி உஷா.

இந்த இரண்டு வரியை 1954-ல் வைத்துப் பாருங்கள். கணவனே கண்கண்ட தெய்வம் என்று படத்துக்குப் படம் வசனம் வைத்த காலம். அதில் ஒரு மனைவி, அதுவும் சிவாஜியின் மனைவி, நாட்டுக்காகத் துப்பாக்கியை எடுக்கிறாள். தவறு செய்த மகனைத் தாயே சுட்டுக் கொல்லும் ‘மதர் இந்தியா’ வந்தது 1957-ல். உஷா அதற்கு 3 ஆண்டு மூத்தவள்.

தமிழுக்கு இப்படிப்பட்ட பெண் புதியவள் இல்லைதான். போரில் மகன் புறமுதுகு காட்டினான் என்று ஊர் சொன்னதைக் கேட்டு, வாளோடு போர்க்களத்துக்குப் போன முதியவளைப் புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியிருக்கிறார். ஆனா அந்தத் தாயின் மகன் வீரனாகத்தான் இறந்து கிடந்தான். அவளுக்கு அந்த நிம்மதியாவது கிடைத்தது. உஷாவுக்கு அதுவும் இல்லை. அவள் காதலித்துக் கைப்பிடித்தவன் நிஜமாகவே துரோகிதான்.

இப்போது படத்தை இரண்டாவது முறை பாருங்கள். முதல் முறை நாம் சிவாஜியைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டாவது முறை பண்டரிபாயைப் பார்ப்போம். விசாரணை நடக்கும் அந்த வீட்டில், கணவனை இழந்த பெண்ணாக எல்லோர் முன்பும் நிற்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும். அவர் முகத்தில் இருக்கும் துக்கம் பொய் இல்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை. அழுகைக்குள்ளே ஒரு ரகசியத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, அதே சமயம் அந்த அழுகையும் நிஜமாக இருக்க வேண்டும். சொல்வது சுலபம், செய்து பாருங்கள்! முடிவு தெரிந்த பிறகு பார்த்தாலும் அவருடைய நடிப்பில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஒரு த்ரில்லரில் நடிப்புக்கு இதைவிடப் பெரிய தேர்வு கிடையாது.

சிவாஜியின் முதல் படமான ‘பராசக்தி’யில் அவருக்கு ஜோடியாக நடித்தவரும் இதே பண்டரிபாய்தான். இருவரும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள். 15 ஆண்டு கழித்து ‘தெய்வ மகன்’ (1969) வந்தது. சிவாஜிக்கு மூன்று வேடம்: ஒரு அப்பா, இரண்டு மகன்கள். பண்டரிபாய்க்கு அந்த அப்பாவின் மனைவி, அந்த மகன்களின் தாய் வேடம். பிறகு தமிழ் சினிமா அவரை நிரந்தர அம்மாவாக்கிவிட்டது. ‘மன்னன்’ (1992) படத்தில் ரஜினி தோளில் சுமந்து செல்லும் அம்மாவாகத்தான் 90ஸ் கிட்ஸுக்கு அவரைத் தெரியும். ஒரு த்ரில்லரையே தன் மௌனத்தில் தாங்கிய நடிகைக்கு, அதற்குப் பிறகு அதுபோல இன்னொரு வேடத்தைத் தமிழ் சினிமா எழுதவில்லை. ‘அந்த நாள்’ மறக்கப்பட்டதில் பெரிய நஷ்டம் சிவாஜிக்கு இல்லை. அவருக்கு எத்தனையோ படங்கள் இருக்கின்றன. நஷ்டம் பண்டரிபாய்க்குத்தான்.

துரோகி என்றால் யார்?

ராஜனைச் சும்மா கெட்டவன் என்று ஒதுக்கிவிட முடியாதபடி எழுதியிருக்கிறார் ஜாவர் சீதாராமன். ராஜன் திறமைசாலி. தன் திறமைக்கு இந்த நாட்டில் மதிப்பில்லை என்ற கசப்பு அவனை அரிக்கிறது. மதிக்கிறவன் எதிரியாக இருந்தாலும் பரவாயில்லை என்ற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ‘இங்க இருந்து என்ன பிரயோஜனம்?’ என்று ஒரு முறையாவது புலம்பாத இன்ஜினீயரிங் பட்டதாரி யாராவது இருக்கிறார்களா? அந்தப் புலம்பலின் கடைசிப் படியில் நிற்பவன் ராஜன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1943-ல் ஜப்பானோடு கைகோத்த எல்லோரும் துரோகிகளா? சென்னையில் குண்டு விழுந்த அதே அக்டோபர் மாதத்தில், 21-ம் தேதி, சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். அவருடைய இந்திய தேசிய ராணுவத்துக்கு ஜப்பான்தான் துணை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். ஆக, யாரோடு சேர்ந்தான் என்பதை மட்டும் வைத்து ஒருவனை எடை போட முடியாது, எதற்காகச் சேர்ந்தான் என்றும் பார்க்க வேண்டும். ராஜன் சேர்ந்தது தனக்காக. உஷாவுக்கும் அவனுக்கும் இடையில் விழுந்த பள்ளம் அதுதான்.

புதுச்சேரியில் இருந்து பார்க்கும்போது இந்தக் கேள்விக்கு இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. இந்தப் படம் வெளியான அன்று, சென்னை சுதந்திர இந்தியாவில் இருந்தது. புதுச்சேரி இல்லை! இங்கே அன்றும் பிரெஞ்சுக் கொடிதான். சரியாக அந்த வாரங்களில்தான் இங்கே இணைப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. 1954 மார்ச் மாதம், அதுவரை பிரெஞ்சு ஆட்சியோடு இருந்த எதுவார் குபேர் இந்தியாவோடு இணையும் பக்கம் வந்தார். மார்ச் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. ஜூனில் ஏனாம், ஜூலையில் மாஹே. அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

அந்த ஏப்ரலில், புதுச்சேரியில் மூவர்ணக் கொடி பிடித்தவர் பிரெஞ்சு அரசின் கண்ணில் கலகக்காரர். எல்லையைத் தாண்டி விழுப்புரம் பக்கம் போனால் அவரே தேசபக்தர். சில கிலோமீட்டர் தூரத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்! சொல்கிறவர் யார் என்பதைப் பொறுத்து மனிதனின் முகம் மாறும் என்று ‘அந்த நாள்’ திரையில் காட்டியதை, நம்ம ஊர் அன்று தெருவில் பார்த்துக்கொண்டிருந்தது. இன்று கடற்கரையில் காற்று வாங்க நாம் நடக்கும் சாலைக்கே அந்தக் குபேர் பெயர்தான்.

(ஸ்பாய்லர் முடிந்தது!)

ஏன் ஓடவில்லை?

விமர்சகர்கள் பாராட்டினார்கள். தேசிய விருதுகளில் 1954-ம் ஆண்டுக்கான தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. ஆனா தியேட்டரில் எடுபடவில்லை. பாட்டு வரும் என்று காத்திருந்த ரசிகர்களுக்குக் கடைசிவரை ஏமாற்றம்தான். அதே ஏப்ரல் 13 அன்று சிவாஜிக்கு இன்னொரு படமும் வெளியானது, ‘கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி’ என்ற காமெடிப் படம். அந்தத் தேசிய விருதில் தமிழுக்கான வெள்ளிப் பதக்கம் போனது, பாட்டும் சண்டையுமாகக் கலக்கிய எம்.ஜி.ஆரின் ‘மலைக்கள்ளன்’ படத்துக்கு.

ரசிகர்களைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை. அன்று வீட்டில் டிவி இல்லை, ரேடியோ இருந்த வீடுகளே குறைவு. பாட்டுக் கேட்கக் காசு கொடுத்து தியேட்டருக்கு வந்தவரிடம், ‘பாட்டு கிடையாது, உங்க ஹீரோவும் ஆரம்பத்திலேயே செத்துட்டார், அவர் நல்லவரும் இல்லை’ என்றால் கோபம் வராதா?

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தத் தோல்வியில் இருந்து சினிமாக்காரர்கள் ‘பாட்டு இல்லைன்னா படம் ஓடாது’ என்ற ஒரே பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து பாட்டில்லாமல் துணிந்தவர் சினிமாவுக்கு வெளியே இருந்து வந்தவர். 1965-ல் ‘உன்னைப்போல் ஒருவன்’ எடுத்த எழுத்தாளர் ஜெயகாந்தன். பிறகு பாலுமகேந்திராவின் ‘வீடு’, கமல்ஹாசனின் ‘குருதிப்புனல்’ என்று பல ஆண்டு இடைவெளியில் ஒன்றிரண்டு. இந்தியில் பாடல் இல்லாத ‘கானூன்’ (1960), ‘இத்தேஃபாக்’ (1969) போன்ற த்ரில்லர்கள் வெற்றி பெற்றதை இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘கைதி’ (2019) பாட்டே இல்லாமல் வசூலை அள்ளியபோது அதைப் புதுமை என்று கொண்டாடினோம். அந்தப் புதுமைக்கு அப்போதே வயது 65.

அப்புறம் இவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்?

ஜாவர் சீதாராமன், ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் பானர்மேனாக சிவாஜிக்கு எதிரே நின்றார். ‘உடல் பொருள் ஆனந்தி’, ‘மின்னல் மழை மோகினி’ போன்ற தொடர்கதைகளால் வாசகர்களின் தூக்கத்தைக் கெடுத்தார். வீட்டில் அம்மாச்சியோ தாத்தாவோ இருந்தால் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

பாலசந்தர் த்ரில்லரை விடவில்லை. ‘அவனா இவன்’ (1962), வெடிகுண்டு வைத்த ஒரு பொம்மை கை மாறிப் போய்க்கொண்டே இருக்கும் ‘பொம்மை’ (1964), அகதா கிறிஸ்டி பாணியில் ஒரு வீட்டுக்குள் ஒவ்வொருவராகச் சாகும் ‘நடு இரவில்’ (1970) என்று எடுத்தார். ‘பொம்மை’யின் முடிவில் திரைக்குப் பின்னால் உழைத்தவர்களையும் ஒவ்வொருவராக நேரில் அறிமுகப்படுத்தியிருப்பார். பிறகு சினிமாவை விட்டு முழுக்க வீணைக்கே போய்விட்டார். 1990 ஏப்ரல் 13 அன்று மறைந்தார். ‘அந்த நாள்’ வெளியாகி அன்றோடு சரியாக 36 ஆண்டு.

சரி, எப்படிப் பார்ப்பது?

இணையத்தில் தேடினால் கிடைக்கிறது. பிரதி பளிச்சென்று இருக்காது, ஒலியும் அங்கங்கே மங்கும். இதில் வசனத்தைவிட மௌனமும் நிழலும் முக்கியம் என்பதால், முடிந்தால் ஹெட்போன் போட்டு, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். மொபைலில் 1.5 ஸ்பீடில் ஓடவிட்டால் இந்தப் படத்தில் ஒன்றும் மிஞ்சாது.

முதல் பத்து நிமிடம் மெதுவாகத் தெரியலாம். அன்றைய மேடைத்தமிழ் வசனமும் அங்கங்கே எட்டிப் பார்க்கும். சாட்சிகள் பேச ஆரம்பித்துவிட்டால் பிறகு நீங்களாக நிறுத்த மாட்டீர்கள். ஒரு சின்ன விளையாட்டும் ஆடலாம். ஒவ்வொரு சாட்சி பேசி முடித்ததும் படத்தை நிறுத்தி, ‘இப்போது ராஜனைப் பற்றி என்ன நினைக்கிறேன்?’ என்று ஒரு வரி எழுதி வையுங்கள். கடைசியில் அந்த வரிகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் சொன்னதை வைத்து இன்னொருவரை எவ்வளவு சீக்கிரம் எடை போட்டுவிடுகிறோம் என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.